புரோட்டான் சத்ரியா ஜிடிஐ
மலேசியா, 1998இல் அறிமுகம்

மூன்று கதவு, 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின். சஸ்பென்ஷன் அமைப்பு இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் கைவண்ணம். அந்நிறுவனத்தைப் புரோட்டான் 1996இல் வாங்கியது. பின்புறத்தில் லோட்டஸ் பெயர் பொறித்த சிறு முத்திரையைக் காணலாம்.

பாசிர் கூடாங் பந்தயத் தடம் 1986 முதல் இருந்த ஜொகூரில், பழைய ஜிடிஐயைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது பலருக்கு வார இறுதி வேலை. சக்கர வளைவின் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினால்தான் ஒளிந்திருக்கும் துரு தெரியும். வண்டிக்குச் சத்துரு அதுதான், எஞ்சின் அல்ல. இதே வகை எஞ்சின் ஜப்பானிய லான்சர், மிராஜ் கார்களிலும் இருந்ததால், பாதியாக அறுத்து இறக்குமதியாகும் ‘ஹாஃப்-கட்’ வண்டிகளிலிருந்து உதிரிபாகம் கிடைக்கிறது.

பானெட் திறந்தே இருக்கிறது, எஞ்சினைப் பார்க்கலாம். தொட வேண்டாம்.