ரயில் விலகிப் போன ஊர்
(சமவெளியின் ஊர்கள் – 9)

கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரஹாம் கவுண்டியில் இருக்கிறது நிகோடிமஸ் டவுன்ஷிப். தெற்கு சாலமன் ஆற்றை ஒட்டிய மேட்டு நிலம். ஆற்றங்கரையை விட்டால் மரம் அரிது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்லும் கோதுமையும் வானமும்தான்.

இந்த நிலத்தை முதலில் அளந்தது சர்வேக்காரர்களின் சங்கிலி. 1785-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டப்படி நிலம் முழுவதும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு அளித்தது இந்த 160 ஏக்கரைத்தான். சிறு கட்டணம் கட்டி, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, உழுது காட்டினால் பட்டா கிடைக்கும். பிழைக்க 160 ஏக்கர் போதும் என்பது மழை தாராளமாகப் பெய்யும் கிழக்குப் பகுதியின் கணக்கு. இங்கே ஆண்டுக்கு சுமார் 20 அங்குலம் மழை பெய்தாலே பெரிது.

1877-ல் கென்டக்கி மாநிலத்தின் கறுப்பின மக்களிடம் ஒரு துண்டறிக்கை சுற்றியது. டபிள்யூ.ஆர். ஹில் என்ற வெள்ளையரும், டபிள்யூ.எச். ஸ்மித் என்ற கறுப்பினத்தவரும் சேர்ந்து தொடங்கிய குடியேற்றக் கம்பெனியின் அழைப்பு அது. அடிமைத்தளை அறுந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்தவர் வயலில் உழைத்துக் களைத்தவர்களுக்குச் ‘சொந்த நிலம்’ என்பதைவிடப் பெரிய சொல் ஏது? அந்தச் செப்டம்பரில் மட்டும் சுமார் முந்நூறு பேர் புறப்பட்டு வந்தார்கள். ரயில் எல்லிஸ் வரைதான். அங்கிருந்து ஏறத்தாழ 35 மைல் புல்வெளியைக் கடக்க வேண்டும்.

அடுத்த வசந்தத்தில் கணவரோடு வந்த வில்லியானா ஹிக்மன், முதுமையில் தந்த பேட்டியில் அந்த நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். ஊர் வந்துவிட்டது என்று ஆண்கள் கூவியபோது அவர் கண்ணுக்கு எந்த ஊரும் தெரியவில்லை. தரையிலிருந்து எழும் புகையைக் கணவர் காட்டினார். மக்கள் குடியிருந்தது மண்ணுக்குள். அவர் அழுதுவிட்டார்.

மேட்டுச் சரிவைக் குடைந்து, மேலே கம்புகளையும் புதரையும் பரப்பி, அதன்மேல் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கினால் வீடு. மழை பெய்தால் கூரை சேறாக ஒழுகும். விறகுக்கு மரம் இல்லாததால் சூரியகாந்தித் தண்டையும் காய்ந்த காட்டெருமைச் சாணத்தையும் எரித்தார்கள். கலப்பையும் குதிரையும் சிலரிடமே இருந்தன. மற்றவர்கள் மண்வெட்டியால்தான் புல்வெளியைக் கொத்தினார்கள். ஆண்கள் பலர் கூலி தேடி வெகுதூரம் நடந்தார்கள்; வீட்டையும் நிலத்தையும் பெண்கள் காத்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்துகொண்டதாக அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. தங்கள் நிலத்தைக் கான்சாஸில் இழந்திருந்தவர்கள் கொடுத்த உணவு அது. இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிக்கும் செய்கை இதுதான்.

பத்தே ஆண்டுகளில் கடைகள், தேவாலயங்கள், பள்ளி, ஹோட்டல், இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் வந்துவிட்டன. குறைந்தது ரயில் மட்டும்தான். ரயில் நின்றால்தான் கோதுமை சந்தைக்குப் போகும், கடைக்குச் சரக்கு வரும். 1887-ல் டவுன்ஷிப் வாக்காளர்கள் மிசௌரி பசிபிக் கம்பெனியை வரவழைக்க 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். பேச்சு முறிந்தது. 1888-ல் யூனியன் பசிபிக் பாதை ஆற்றுக்குத் தெற்கே போனது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. வியாபாரிகள் அங்கே இடம்பெயர்ந்தார்கள், செய்தித்தாள்களும் நின்றன.

இதோடு நிகோடிமஸ் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் கடைத்தெருவை மட்டும் பார்க்கிறார்கள். கடையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், வயலைப் பெயர்க்க முடியாது. பட்டா வாங்கிய விவசாயிகள் பலர் தங்கள் கால் செக்‌ஷனை விடவில்லை. கல் கட்டடமான டவுன்ஷிப் மன்றம் 1939-ல், ரயில் விலகிப் போய் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் எழுந்தது. அதற்குள் முப்பதுகளின் புழுதிப்புயல்கள் பல குடும்பங்களை விரட்டியிருந்தன என்பதும் உண்மை. 1953-ல் அஞ்சலகம் மூடப்பட்டது. 1996-ல் நிகோடிமஸ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் வெகு சிலர். ஆனால் ஒவ்வொரு ஜூலை இறுதியிலும் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் பல மாநிலங்களிலிருந்து வந்து கூடுகிறார்கள்.

இங்கிருந்து கிளம்பியவர்களில் எட்வர்ட் மெக்கேபைத் தவறவிடக் கூடாது. 1878-ல் நிகோடிமஸ் வந்தவர், 1882-ல் கான்சாஸின் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். மூன்றாம் முறை கட்சி அவரை நிறுத்தவில்லை. பிறகு ஓக்லஹோமா போய், 1890-ல் லாங்ஸ்டன் என்ற கறுப்பின ஊர் உருவாக முன்நின்றார். அங்கும் இதே சதுரங்கள்தான். ஆனால் அந்த நிலம் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் இருந்தது. அந்தச் சிக்கலான கதைக்காக அடுத்த வாரம் லாங்ஸ்டன் போவோம்.

(தொடரும்)