பகத் கன்வர் ராம்: சிந்து மக்களின் பாடகரும் அவர் இழந்த சபையும்

பக்திப் பாடகர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர், அவரை அற்புதங்களின் நாயகராக்கி, அவர் வாழ்ந்த சமுதாயத்தை மறந்துவிடுவது வழக்கம். சிந்துப் பகுதியின் கன்வர் ராமுக்கும் (1885–1939) இதுவே நேர்ந்தது. அவர் பாடியவை எவை என்பதோடு, யார் யார் ஒன்றாக அமர்ந்து அவற்றைக் கேட்டனர் என்பதையும் நோக்கினாலன்றி, அவரது வாழ்வின் பொருளையும் மரணத்தின் பொருளையும் உணர இயலாது.

கன்வர் ராம் அன்றைய சக்கர் மாவட்டத்தின் ஜர்வார் கிராமத்தில், எளிய சிறுகடைக்காரர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் அவித்த கடலை விற்றுத் திரிந்தவர் என்பர். அவரது குரல்வளத்தைக் கண்டு மாணவராக ஏற்றுக்கொண்டவர் ரஹர்க்கியைச் சேர்ந்த துறவி சத்ராம் தாஸ். 'பகத்' என்ற ஆற்றுகை வடிவத்தை அவரிடமே கன்வர் ராம் பயின்றார்.

'பகத்' என்ற சொல் பக்தரையும் குறிக்கும். அவர் நிகழ்த்தும் கலையையும் குறிக்கும். பாட்டு, ஆடல், கதைகூறல் ஆகிய மூன்றும் அதில் இணைந்துள்ளன. நீண்ட அங்கியும் தலைப்பாகையும் அணிந்து, காலிற் சலங்கை கட்டிய பாடகர், குழுவினர் பின்பாட்டுப் பாட, திறந்தவெளியில் இரவு முழுவதும் ஆற்றுகை செய்வார். இஸ்லாமிய சூஃபிக் கவிஞர்களான ஷா அப்துல் லத்தீப் (1689–1752), சச்சல் சர்மஸ்த் ஆகியோரின் பாடல்களும், வேதாந்தியான சாமியின் சுலோகங்களும் ஒரே இரவில் ஒரே குரலில் ஒலித்தன. உமர் – மாருயி, சசுயி – புன்ஹூன் முதலிய நாட்டார் கதைகள் இரு மதத்தாருக்கும் பொதுச் சொத்தாக இருந்தன. எழுத்தறிவு அருகியிருந்த கிராமங்களில், உயர்ந்த கவிதை மக்களைச் சென்றடைந்த வழிகளுள் பகத்தும் ஒன்று.

நிகழ்ச்சியின் இறுதியில் கன்வர் ராம் தமது துணியை விரித்து மக்களிடம் இரந்தார். சேர்ந்த பணத்தை அநாதைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார். இறந்த குழந்தையொன்று அவரது தாலாட்டைக் கேட்டு உயிர்பெற்றது என்ற கதை சிந்தி மக்களிடையே புகழ்பெற்றது. நாம் அதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அரண்மனை வாயிலிலன்றி ஓர் ஏழைத் தாயின் மடியில் அற்புதத்தை நிகழ்த்தியதன் மூலம், தம் பாடகர் யாருக்கு உரியவர் என்பதை மக்களின் கற்பனை தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இவ்வுறவின் அடியில் முரண்பாடுகள் இல்லாமல் இல்லை. சிந்துவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முஸ்லிம்கள். அவர்களுட் பெரும்பாலோர் நிலவுடைமையாளரின் கீழ் வாழ்ந்த உழவர். இந்துக்களில் பலர் வணிகர். வட்டிக்குப் பணம் கொடுப்போரும் அவர்களிடையே இருந்தனர். 1936இல் பம்பாய் மாகாணத்திலிருந்து சிந்து பிரிக்கப்பட்டபின், பதவிப் போட்டி இப்பொருளாதாரப் பிளவுக்கு மதச்சாயம் பூசியது. சக்கர் நகரில், சிந்து நதிக்கரையிலிருந்த மன்சில்கா கட்டடங்களைப் பள்ளிவாசலாக மீட்கக் கோரி 1939 அக்டோபரில் முஸ்லிம் லீக் கிளர்ச்சி தொடங்கியது. எதிரே நதித்தீவில் அமைந்திருந்த சாத் பேலா இந்துக்களின் புனிதத் தலம். இருபுறமும் அச்சமும் பகைமையும் மூண்டன.

இச்சூழலில், 1939 நவம்பர் முதலாம் நாள், பயணத்தின் இடையே றுக் புகையிரத நிலையத்தில் கன்வர் ராம் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதத்திலேயே சக்கரிலும் அயற்கிராமங்களிலும் கலவரம் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வாழ்நாள் முழுவதும் சூஃபிகளின் பாடல்களைப் பாடியவரே வகுப்புவாதத்துக்குப் பலியானார். உழவரின் கடன்சுமை உண்மையானது; ஆயின் அக்கொலை எந்த உழவனின் கடனையும் தீர்க்கவில்லை.

1947இல் சிந்து மாகாணம் முழுவதும் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. பஞ்சாபும் வங்கமும் பிரிக்கப்பட்டமையால் அகதிகளுக்குத் தம் மொழி வழங்கும் நிலத்தின் ஒரு பகுதியாவது இந்தியாவில் எஞ்சியது. சிந்தி இந்துக்களுக்கு அதுவும் இல்லை. பல இலட்சக்கணக்கானோர் இந்திய நகரங்களில் சிதறி வாழலாயினர். 1967இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிற் சிந்தி மொழி சேர்க்கப்பட்டது. 2010இல் கன்வர் ராமின் நினைவாக இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. எல்லைக்கு அப்பால் ரஹர்க்கித் தலத்தில் இன்றும் ஆண்டுதோறும் விழா நடைபெறுகிறது.

நினைவுச் சின்னங்கள் மதிப்புக்குரியனவே. எனினும் அஞ்சல்தலை பாடகரின் முகத்தைக் காக்கலாம். அவரது சபையைக் காக்க முடியாது. பகத் என்ற கலை, இந்துவும் முஸ்லிமும் ஒரே மண்தரையில் விடியும்வரை அமர்ந்திருந்த ஒரு சமூக உறவின் மீது எழுந்தது. அவ்வுறவு குலைந்தபின் பாடல்கள் எஞ்சின. அவற்றைக் கூடிக் கேட்டவர்கள் இரு நாட்டினராயினர். கன்வர் ராமை ஒரு சமயத்தின் தியாகியாக மட்டும் போற்றுவது, அவரைச் சுட்டவர்களின் பார்வையையே ஏற்றுக்கொள்வதாகும். அவரை ஒரு பொதுப் பண்பாட்டின் குரலாக மீட்டெடுப்பதே ஆய்வாளரின் கடமை.