ஆர்வம் பிறவியா, பயிற்சியின் விளைவா?

"இந்தப் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இல்லை, வராது." இசை வகுப்பில் நெடுங்காலமாக வழங்கிவரும் இத்தீர்ப்பை இன்று நிரலாக்க வகுப்பிலும் கேட்கிறோம். ஆர்வம் பிறவியிலேயே அமைவது, அஃது இல்லாதவர்க்குப் பயிற்சி வீண் என்னும் எண்ணமே இதன் அடிப்படை. இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பெர்லின் ஆய்வு

ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியலறிஞரும் உடனாய்வாளர் இருவரும் பெர்லினில் வயலின் மாணவர்களிடையே நடத்திய ஆய்வு 1993இல் வெளிவந்தது. 18 வயதுக்குள் தனியே பயின்ற நேரம், மிகச் சிறந்த மாணவர்க்குச் சராசரியாக ஏறத்தாழ 7,400 மணி. அடுத்த நிலையினர்க்கு 5,300 மணி. இசையாசிரியராகப் பயின்றோர்க்கு 3,400 மணி.

அவ்வாய்வில் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்றும் உண்டு. முன்னேற்றத்திற்கு மிகவும் உதவுவது தனிப்பயிற்சியே என்று கூறிய அம்மாணவர்கள், மிகுந்த இன்பம் தருவது அதுதான் என்று கூறவில்லை. இசையின்மீது பற்றுக்கொண்டவர்க்கும் பயிற்சிநேரம் எப்போதும் இனிப்பதில்லை. ஆகவே, பயிற்சியில் சலிப்புறும் மாணவரை ஆர்வமற்றவர் என முடிவுகட்டுவது பிழையாகும்.

மணிக்கணக்கு மட்டும் போதுமா?

மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூலால் '10,000 மணி நேரம்' என்னும் தொடர் உலகெங்கும் பரவியது. அவ்வெண் சிறந்த மாணவர் 20 வயதில் எட்டிய சராசரியே அன்றி, தாண்டினால் தேர்ச்சி கிட்டும் எல்லைக்கோடு அன்று. எரிக்சன் வலியுறுத்தியது நேரத்தின் அளவை மட்டும் அன்று, பயிற்சியின் தன்மையையும்தான். குறையைக் கண்டறிதல், அதற்கென அமைந்த பயிற்சியைச் செய்தல், உடனுக்குடன் திருத்தம் பெறுதல் ஆகியன சேர்ந்ததே திட்டமிட்ட பயிற்சி.

கருநாடக இசையில் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடப் பழகுகிறோம். மூன்றாம் காலத்தில் ஒரு மாணவிக்கு ரிஷபம் சற்று உயர்ந்துவிடுகிறது எனக் கொள்வோம். வரிசை முழுவதையும் பத்து முறை பாடினால் அப்பிழையும் பத்து முறை பழகிவிடும். அவ்விடத்தை மட்டும் எடுத்து, முதற்காலத்திற்குத் திரும்பி, சுருதியோடு ஒத்துப் பார்த்து, பின்னர் வேகத்தைக் கூட்டினால் பிழை நீங்கும்.

நிரலாக்கத்திலும் அவ்வாறே. நூலிலுள்ள நிரலைப் பார்த்துத் தட்டச்சு செய்வது கைக்கு வேலை. இயக்குமுன் விடை என்னவாகும் என எழுதிவைத்து ஒப்பிடுவதே அறிவுக்குப் பயிற்சி. எழுத்துப்பிழை இருப்பின் கணினியே சுட்டிக்காட்டும். கருத்துப்பிழையை அது காட்டாது. 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டப் பைத்தான் மொழியில் 1, 10 என எல்லைகளைக் கொடுத்தால், சுழற்சி 9உடன் முடியும்; 55 வரவேண்டிய இடத்தில் 45 வரும். கணினி அமைதியாக இருக்கும். "கையால் கூட்டிப் பார்த்தாயா?" என்று கேட்க ஆசிரியர் வேண்டும்.

பயிற்சியின் எல்லை

பயிற்சியே எல்லாம் என்று கூறுவதற்கும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து புரூக் மெக்னமாரா குழுவினர் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, இசைத்திறனில் மாந்தரிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையே திட்டமிட்ட பயிற்சி விளக்குகிறது. பிற காரணங்களும் உள்ளன. ஆயினும், அக்காரணங்களுள் பல நம் கையில் இல்லை; பயிற்சியை அமைப்பது நம் கையில் உள்ளது.

ஆர்வமும் ஓரளவு நம் கையில் உள்ளதே. இசை, விளையாட்டு, கணிதம் முதலிய துறைகளில் உயர்ந்த ஏறத்தாழ 120 பேரைப் பற்றிய ஆய்வை பெஞ்சமின் புளூம் 1985இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் பியானோ கலைஞர்களின் முதல் ஆசிரியர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற வல்லுநர் அல்லர். அருகில் வாழ்ந்த, குழந்தைகளிடம் அன்பு காட்டியவர்கள். அவர்களிடம் விருப்பம் அரும்பியது. கடும் பயிற்சி பின்னர் வந்தது.

எனவே, ஆசிரியர்களாகிய நாம் 'ஆர்வம் இல்லை' எனத் தீர்ப்பளிக்குமுன், அம்மாணவர் தம் முன்னேற்றத்தைத் தாமே காணும்படி ஒரு சிறு பயிற்சியையேனும் அமைத்துத் தந்தோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவர்களும் ஆர்வம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நேற்று தவறிய ரிஷபம் இன்று சுருதியில் நின்றால், நேற்று 45 காட்டிய நிரல் இன்று 55 காட்டினால், அங்கே ஆர்வம் தொடங்குகிறது.