சுழலும் கூம்பைப் பொருத்துதல்

சிறிய விமானம் ஒன்றின் எதிரே நிற்பவருடைய கண்ணில் முதலில் படுவது, புரொபெல்லரின் நடுவே பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு வடிவமான உலோக மூடிதான். ஸ்பின்னர் என்று வழங்கப்படும் இதனை வெறும் அலங்காரம் என்று கருதுவோர் பலர். அடிக்கடி அதனைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்குகளுள்ளும் சிலர், ஸ்குரூக்களை நன்றாக முறுக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்ற அபிப்பிராயம் கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

1913-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தில் நடந்த கார்டன் பென்னெட் பந்தயத்தில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வெற்றி பெற்ற டெப்பர்டுசின் விமானத்தின் முகப்பிலேயே இத்தகைய பெரிய மூடி ஒன்று இருந்தது. எதிர்க்காற்று முட்டிச் சுழியாமல் வழுக்கிச் செல்லவேண்டும் என்பதே அதன் பிரயோஜனம். ஆனால் அளவு மிஞ்சினால் அதுவே கெடுதல் செய்யும். முதல் மகாயுத்த காலத்து மொரான்-சால்னியே விமானம் ஒன்றின் பெருமூடி, எஞ்சினுக்குப் போகவேண்டிய காற்றை விலக்கி அதனைக் கொதிக்கவைத்தபடியால், 1915-இல் அம்மூடியை அகற்றிவிட்டார்கள். இன்றைய சிறு விமானங்களிலோ, மூடியின் வளைவையும் அதன் பின்னுள்ள காற்று வாய்களையும் ஒன்றுக்கொன்று இசையும்படி அமைத்திருப்பதால், சில ரகங்களை ஸ்பின்னர் இல்லாமல் பறக்கவிட அனுமதியே கிடையாது.

செஸ்னா 172எஸ் விமானத்தின் புரொபெல்லர் நிமிஷத்துக்கு 2700 சுற்று வரையில் சுழலக்கூடியது. அதாவது ஒரு விநாடிக்கு 45 சுற்று. அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் எந்தப் பொருளும் அந்த வேகத்தில் தன் எடையைப் போல் சுமார் 1200 மடங்கு விசையுடன் வெளியே பறக்க முயலும். மூன்று கிராம் எடையுள்ள ஒரு சிறு ஸ்குரூ மூன்றரைக் கிலோ கனத்துடன் இழுக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இதனுடன், நான்கு சிலிண்டர்களும் மாறிமாறி வெடிப்பதால் விநாடிக்கு 90 முறை உண்டாகும் அதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளுகிறது.

இவ்வளவையும் தாங்குவது ஸ்குரூ என்று எண்ணுவதுதான் பிழை. மூடியின் அடி விளிம்பு, புரொபெல்லருக்குப் பின்னால் பிணைத்த வட்டத் தகட்டின்மேல் உட்காருகிறது. பல ரகங்களில் மூடியின் முன்பகுதிக்கும் உள்ளே வேறொரு தாங்கி உண்டு. இவ்விரண்டின்மேலும் மூடி இடைவெளியின்றிப் படிந்திருந்தால் ஸ்குரூவுக்கு வேலை சொற்பமே. முன் தாங்கி தளர்ந்திருந்தாலோ, மூடியின் நுனி ஓயாமல் நடுங்கி, அந்த நடுக்கம் முழுவதும் ஸ்குரூத் துளைகளின் ஓரத்தில் வந்து சேரும். ஆகையால் சில ஸ்பின்னர்களில் முன் தாங்கியின் அடியில் ஷிம் என்னும் மெல்லிய வளையங்களைத் தேவையான அளவு அடுக்கி, மூடியை வைத்தவுடன் துளைகள் சற்றே விலகி நிற்கும்படியும், உள்ளங்கையால் அழுத்தினால் மட்டுமே அவை நேருக்கு நேர் வரும்படியும் செய்கிறார்கள். அந்த மெல்லிய அழுத்தமே மூடியை அசையாமல் வைத்திருக்கும் சூட்சுமம்.

கையை வைக்குமுன், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோவின் சாவி அணைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அணைந்திருந்தும், எந்தக் கணத்திலும் எஞ்சின் கிளம்பக்கூடும் என்றே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். மூடியைக் கழற்றும்போதே அதற்கும் தகட்டுக்கும் ஒரு குறி இட்டுக்கொள்வது அவசியம். இடம் மாறினால் துளைகளும் சமநிலையும் பிசகும். ஸ்குரூக்களை எல்லாம் முதலில் விரலாலேயே தொடங்கி, எதிரெதிரானவற்றை மாற்றிமாற்றி இறுக்கவேண்டும். தலைக்கடியில் இடும் நைலான் வாஷரைச் சிலர் அற்பமென்று விட்டுவிடுகிறார்கள். மூடியின் தகட்டை ஸ்குரூத் தலை அரிக்காமல் காப்பது அதுவே. பின்னர், நுனிக்கு அருகில் அசையாத குச்சி ஒன்றை நிறுத்திப் புரொபெல்லரை மெதுவாகக் கையால் சுற்றினால், நுனி கோணுகிறதா என்பது உடனே விளங்கும். அலகுகளின் ஓரத்தில் மூடி உராயாமல் இடைவெளி இருப்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

சில மணி நேரம் பறந்த பிறகு ஒரு ஸ்குரூவைச் சுற்றிக் கரும்புகை படிந்தாற்போல் கோடு தோன்றினால், அது அழுக்கன்று. தகடு தகட்டுடன் தேய்ந்து உதிர்ந்த அலுமினியப் பொடி. அடுத்து வருவது விரிசல். அதன் முனையில் சிறு துளையிட்டுப் பரவாமல் தடுக்கும் பழைய உபாயத்தைச் சுழலும் இவ்வுறுப்புக்குப் பல தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மூடியையே மாற்றச் சொல்லுகிறார்கள். ஆனால் தளர்ந்த பழைய தாங்கியின்மேலேயே புதிய மூடியை மாட்டுகிறவர், முந்தியது கிழிந்த இடத்தில் இதுவும் கிழிவதைக் காண நேரும். எனவே புதியதைப் பொருத்துமுன் தாங்கியின் விளிம்பையும், அதில் பதித்த மரைகளையும், ஷிம்களின் கனத்தையும் சோதித்தாக வேண்டும்.