கடைசி வரிசை – 14: எல்லாப்பூர் காட்டுப் பிள்ளைகள்

சென்ற வாரம் வாலாஜாபாத் பக்கத்து இருளர் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். "சார், அலைஞ்சு திரிஞ்சு சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாச்சு. சாப்பாடு போடுறோம், யூனிஃபார்ம், பை, செருப்பு, புத்தகம் எல்லாம் கொடுக்கிறோம். அப்புறமும் எட்டாவது, ஒன்பதாவது வந்ததும் நின்னுடுறாங்களே, ஏன் சார்?" குரலில் சலிப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது.

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டப் போகும் குடும்பத்தோடு பிள்ளையும் போய்விடுவது என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உண்மைதான். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர்கள் 42 பேர் மீட்கப்பட்டபோது அவர்களோடு குழந்தைகளும் இருந்தார்கள். ஆனால் கடனில் மாட்டாத வீட்டுப் பிள்ளையும் நின்றுவிடுகிறதே. அதற்கான பதிலைத் தேடி இந்த வாரம் உங்களைக் கர்நாடகத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஹூப்ளியிலிருந்து அங்கோலா போகும் சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறினால் எல்லாப்பூர் வரும். எல்லாப்பூர், ஹலியாள், முண்ட்கோடு, ஜோய்டா என்று உத்தர கன்னட மாவட்டத்தின் காட்டுத் தாலுகாக்களில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்கர்கள். போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பித்து, மலையேறி, காட்டுக்குள் குடியேறினார்கள். அவர்களின் வழி வந்தவர்கள் கர்நாடகத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துக்குச் சற்று மேல். இவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று மதத்தாரும் உண்டு. எந்த மதமானாலும் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'சித்தி' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். பலருக்குச் சொந்த நிலம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பாக்குத் தோட்டங்களில் கூலி வேலை. வாங்கின முன்பணம் கழிகிறவரை அதே முதலாளியிடம் உழைப்பது என்றால் என்னவென்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சித்திப் பிள்ளை வீட்டில் பேசுவது கொங்கணியை அடிப்படையாகக் கொண்டு மராத்தியும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு. பள்ளியில் ஆசிரியர் பேசுவது கன்னடம். ஆறு வயதில் முதல் நாள் போய் உட்கார்ந்தால் அவர் சொல்வதில் பாதி புரியாது. புரியாததால் வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளையை 'மந்தம்' என்று ஒதுக்கி வைக்க அதிக நாள் ஆகாது. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. சின்ன மொழிக்காரர்கள் விஷயத்தில் அந்த 'முடிந்தவரை' எப்போதும் முடியாமலே போகிறது.

அடுத்தது தலைமுடி. சுருள் முடியைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்ப்பார்கள், நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாலும் 'நீ எந்த நாடு?' என்று கேட்கிறார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்கிறார்கள். நூற்றாண்டுகளாக இந்த மண்ணில் இருப்பவர்களை நிற்கவைத்துக் கேட்கும் கேள்வி இது. இதே தக்காணத்தில் எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாகப் பலமுறை விற்கப்பட்டு வந்த மாலிக் அம்பர் அகமதுநகர் அரசையே நடத்தினார். முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். பிற்காலத்தில் அவுரங்காபாத் ஆன கட்கி நகரை 1610இல் நிறுவியவரும் அவரே. அவரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது வகுப்பில் ஒரு சித்திப் பிள்ளை உட்கார்ந்திருந்தால், 'உன் முன்னோரும் அவரைப் போலவே கடல் கடந்து வந்தவர்கள்தான்' என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதற்குப் பைசா செலவில்லை. தெரிந்த ஆசிரியர் இருந்தால் போதும்.

அரசாங்கம் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மார்கரெட் ஆல்வா மத்திய விளையாட்டுத் துறையைக் கவனித்த காலத்தில், 1987 வாக்கில், இந்திய விளையாட்டு ஆணையம் சித்தி ஊர்களுக்கு வந்தது. ஆப்பிரிக்க ரத்தம் ஓடுவதால் இவர்கள் ஓட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தருவார்கள் என்று நம்பினார்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதிகளில் சேர்த்து, நல்ல சாப்பாடு, பயிற்சி, படிப்பு எல்லாம் கொடுத்தார்கள். சிலர் நன்றாகவே ஓடினார்கள், பதக்கங்களும் வாங்கினார்கள். 1993இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். பாதிப் பயிற்சியில், பாதிப் படிப்பில் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். அந்தத் திட்டத்தில் நல்லெண்ணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிள்ளையின் காலை மட்டும் பார்த்தது. எந்தப் பாடம் பிடிக்கும், என்னவாக ஆசை என்று யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால், திட்டம் மூடின பிறகும் அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றிருக்காது.

பிறகு 2003 ஜனவரியில் உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பெலகாவி, தார்வாட் மாவட்டத்துச் சித்திகள் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே மக்கள், மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் உதவித்தொகை, அந்தப் பக்கம் இல்லை என்று 17 வருஷம். ஒரு பிள்ளை ஒன்றாவதிலிருந்து கல்லூரி முடிக்கிற காலம் அது. அதே 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் சித்தி அவர். தன் சமூகத்தின் முதல் பட்டதாரி என்றும் அவரைச் சொல்கிறார்கள்.

சித்திப் பெண்கள் தைக்கும் கவாந்தி என்ற போர்வையைப் பற்றி நெசவு ஊர்க்காரனான நான் எழுதாமல் போனால் தப்பு. பழைய புடவை, பாவாடை, சட்டைத் துணிகளைக் கிழித்து ஒட்டுப்போட்டுத் தைப்பது அது. ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். படம் வரைந்துகொள்வது கிடையாது. கணக்கெல்லாம் கையிலும் கண்ணிலும். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து மடித்து அடுக்கி 'பூல்' என்று ஒரு பூ வைப்பார்கள். பூ இல்லாத கவாந்தி அவர்களுக்கு அரைகுறை. சுற்றளவு, முக்கோணம், சமச்சீர் என்று நாலாம் வகுப்புக் கணக்குப் பாடம் பாதிக்கு மேல் அந்தப் போர்வையிலேயே இருக்கிறது. அதைப் போர்த்தித் தூங்கி எழுந்து வருகிற பிள்ளைக்கு முக்கோணத்தைக் கரும்பலகையில் புதிதாகக் காட்டுகிறோம். அம்மா ஒருநாள் வகுப்புக்கு வந்து ஒரு மூலைப் பூவை மடித்துக் காட்டினால் அந்தப் பிள்ளை அன்று எப்படி நிமிர்ந்து உட்காரும்!

முண்ட்கோடு தாலுகாவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1966இல் அங்கே திபெத்திய அகதிகளுக்குக் குடியிருப்பு அமைத்தார்கள். அகதிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று இந்திய அரசு 1961லேயே தனி நிர்வாகம் ஏற்படுத்தியிருந்தது. அதனால் அவர்களுக்குத் தனிப் பள்ளி, தொடக்க வகுப்புகளில் தாய்மொழி, திபெத்திய ஆசிரியர்கள். நாடிழந்து வந்த மக்களுக்கு நம் நாடு செய்த நல்ல காரியம் இது. நான் மனமாரப் பாராட்டுகிறேன். பிள்ளையின் பேச்சு தெரிந்த ஆசிரியரை ஏற்பாடு செய்ய அரசால் முடியும் என்பதற்கு அதே தாலுகாவிலேயே சாட்சி இருக்கிறது. பக்கத்துக் காட்டின் சித்திப் பிள்ளைக்கும் அதைச் செய்திருக்கலாம்.

பிள்ளையின் வீடு தெரிந்த ஆசிரியர் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்கா மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1954 மே 17 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனித குலம் பெருமைப்பட வேண்டிய தீர்ப்பு. ஆனால் அதை நிறைவேற்றியபோது தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை மட்டும் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பள்ளிகளில் கற்பித்த கறுப்பின ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் என்று பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கதவு திறந்தது. உள்ளே அதன் வீட்டைத் தெரிந்தவர் யாரும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, டென்னசி மாநிலத்தில் 1980களில் படித்த பிள்ளைகளின் பிற்காலத்தைத் தொடர்ந்து பார்த்தது ஓர் ஆய்வு. மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள், அப்படிப் படிக்காதவர்களைவிட 19 சதவீதம் அதிகமாகக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று கண்டது. ஒரு வருஷமாவது அப்படி ஒருவரிடம் படித்ததன் பலன் அது.

அவர்கள் கதையும் நம் கதையும் வேறுவேறு என்று நினைப்பவர்களுக்கு 1959ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங் தமிழ்நாட்டிலும் பயணம் செய்து, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். பெரும்பாலும் தீண்டாமைக்கு உள்ளான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். கிங் முதலில் அதிர்ந்தார், கொஞ்சம் கோபமும் வந்தது. பிறகு தன் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார். 1965இல் அட்லாண்டா தேவாலயத்தில் இதை அவரே சொன்னார். அந்தத் தலைமையாசிரியருக்குத் தன் பள்ளியின் பிள்ளைகள் உலகத்தில் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்திருந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் முன்பணத்துக்கு உழைத்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற சர்வதேச அமைப்பு 2003 ஜனவரியில் அறிக்கையாக வெளியிட்டது. கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம், தனித்தனி நாடா. நெய்கிறவர் ஒருவரால் இரண்டு பக்கமும் எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு சின்னக் கை வேண்டியிருந்தது. அந்தக் கைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பயிற்சி மையங்கள் நடந்த காலத்தில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு டீச்சரைப் பார்த்திருக்கிறேன். அவரே நெசவாளி மகள். தறி வீட்டுக்குள் போய்ப் பெரியவரை "மாமா" என்று கூப்பிட்டுக் குழித்தறி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். பாவில் இழை அறுந்து மாமா முடிச்சுப் போடும் இடைவெளியில் பையனிடம் வாய்ப்பாடு கேட்பார். பாவு எப்போது அறுத்து முடியும், கூலி எந்தக் கிழமை, முன்பணம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் பிள்ளையை எந்த வாரம் கேட்டால் வீட்டில் விடுவார்கள் என்பதும் தெரியும். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி சட்டத்தைச் சொல்லிக் கேட்டபோது மூடின கதவுகள் இவருக்குத் திறந்தன.

இருளர் குடியிருப்புக்கு அப்படி ஒரு டீச்சர் இல்லை. என்னைக் கூப்பிட்ட ஆசிரியைக்கு நான் சொன்ன பதில் இதுதான். இருளர் வீட்டிலிருந்து ஒரு பெண் பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பட்டயப் படிப்பு இரண்டு வருஷம் படித்து, தகுதித் தேர்வும் எழுதி, வேலைக்கு வருவதற்குள் இன்று ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிடும். அதுவரை சும்மா இருக்க முடியாது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, அந்தந்தத் தெருவில் இருப்பவர்களையே தன்னார்வலர்களாக எடுத்துச் சாயங்கால வகுப்பு நடத்தலாம் என்று காட்டியது. பத்தாவது தொட்ட இருளர் பெண் ஒருத்தி இருந்தாலும் அவளைப் பிடித்து, மதிப்பூதியம் கொடுத்துச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.

சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. "உங்க பள்ளிக் குழுவுல இருளர் அம்மா யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். "பேரு இருக்கு சார், கூட்டத்துக்கு வர்றதில்லை" என்றார். எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டேன். மூன்று மணிக்காம். அந்த அம்மா சூளையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். அடுத்த கூட்டத்தை ராத்திரி ஏழு மணிக்குக் குடியிருப்பிலேயே வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

(தொடரும்)