கடற்படை எலக்ட்ரீஷியன்: 48 மாச வேலைக்கு 60 மாச இஎம்ஐ போடலாமா?

பெரியபட்டினத்தில் ஒரு பையன் பிளஸ் டூ-வில் கணிதம், இயற்பியல் படிச்சிட்டு, அக்னிவீரரா கடற்படையில் சேர்றான்னு வெச்சுக்குங்க. ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் அடிப்படைப் பயிற்சி. மின்பிரிவு கிடைத்தால் அடுத்து ஜாம்நகரின் ஐ.என்.எஸ். வல்சுரா. 1942-ல் தொடங்கிய அந்தப் பள்ளியின் பெயர் வேறொன்றுமில்லை, நம்ம வாள்சுறாதான்!

நடுக்கடலில் இ.பி. லைன் கிடையாது. ஜெனரேட்டர், சுவிட்ச்போர்டு, பம்ப் மோட்டார் எல்லாத்தையும் ஓட வைப்பது இந்தப் பிரிவு. பொறுப்பான வேலை, மரியாதையான சம்பளம். ஆனா கணக்கைச் சரியா படிக்கணும்.

கைக்கு எவ்வளவு வரும்?

மாசச் சம்பளத்தில் 30% சேவா நிதிக்குப் பிடித்தம் போக (அலவன்ஸ் தனி):

- முதல் வருஷம்: 30,000-ல் 21,000 ரூபாய்
- இரண்டாவது: 33,000-ல் 23,100
- மூன்றாவது: 36,500-ல் 25,550
- நான்காவது: 40,000-ல் 28,000

பிடித்தம் மொத்தம் 5.02 லட்சம். அரசும் அதே அளவு போடும். நாலு வருஷ முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது.

எங்கே சிக்கல்?

"கவர்மென்ட் வேலை"ன்னு சொல்லி 5 வருஷக் கடனில் வண்டி, 15 வருஷக் கடனில் வீடு. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது 25% வரைதான். மத்தவங்களுக்கு 49-வது மாசம் சம்பளம் வராது, இஎம்ஐ மட்டும் வரும். சேவா நிதியை நம்பி இன்னிக்கே தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்குவதும் இதே கதைதான். நிரந்தரமானாலும், உங்க பங்கும் அதன் வட்டியும்தான் கைக்கு வரும். அரசின் பங்கு வராது.

11.71 லட்சத்தை 7% வட்டியில் போட்டால் மாசம் சுமார் 6,800 ரூபாய். அந்த வட்டிக்கு வரி உண்டு. 28,000 வாங்கிய கைக்கு அது எப்படிப் போதும்?

என்ன செய்யலாம்?

1. எந்தக் கடனும் பணி முடியும் தேதிக்குள் தீரணும்.
2. மாசம் 5,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. 48 மாசத்தில் அசலே 2.40 லட்சம். வேலை தேடும் மாசங்களுக்கு அதுதான் சோறு.
3. பணிக்காலத்தில் இருக்கும் 48 லட்சம் ஆயுள் காப்பீடு வெளியே வந்ததும் நின்றுவிடும். குடும்பம் உங்களை நம்பியிருந்தால் டேர்ம் பாலிசி எடுங்க.
4. திறன் சான்றிதழைப் பத்திரமா வைங்க. ஊரில் வயரிங் தொழில் செய்ய நினைத்தால், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றுக்கு என்ன தேவைன்னு நான்காவது வருஷமே விசாரிங்க.

25 வயசுக்குள் கடனில்லாமல் கையில் பத்து லட்சத்துக்கு மேல், கூடவே ஒரு கைத்தொழில். இது நல்ல தொடக்கம். பையன் சேரும் முன்னாடியே வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசிடுங்க.