ஆவின் பால் விலை அரசு கையில்... தனியார் பால் விலை யார் கையில்?

ஒரே கடை, ஒரே ஃப்ரிட்ஜ். ஆவின் பாக்கெட் ஒரு விலை, பக்கத்தில் இருக்கும் தனியார் பாக்கெட் வேறு விலை. 'அரசு நினைத்தால் எல்லா பாலுக்கும் ஒரே விலை வைக்க முடியாதா?' என்ற கேள்வி விலை ஏறும்போதெல்லாம் எழுகிறது.

அரசு எதை நிர்ணயிக்கிறது?

ஆவின் ஒரு கூட்டுறவு அமைப்பு. கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநில அளவில் இணையம். இங்கே கொள்முதல் விலை, விற்பனை விலை இரண்டையும் அறிவிப்பது தமிழக அரசு. தனியார் நிறுவனங்கள் தங்கள் விலையைத் தாங்களே முடிவு செய்கின்றன. பாலின் தரத்துக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் உண்டு. ஆனால் தனியார் பால் விலைக்கு அரசு உச்சவரம்பு கிடையாது.

சுருங்கிய இடைவெளி

ஒரு லிட்டர் பசும்பாலின் கொள்முதல் விலையையும், பச்சை பாக்கெட்டின் விற்பனை விலையையும் பாருங்க:

● 2019 ஆகஸ்ட்: கொள்முதல் ரூ.32, விற்பனை ரூ.47. இடைவெளி ரூ.15
● 2021 மே: கொள்முதல் ரூ.32, விற்பனை ரூ.44. இடைவெளி ரூ.12
● 2022 நவம்பர்: கொள்முதல் ரூ.35, விற்பனை ரூ.44. இடைவெளி ரூ.9

2023 டிசம்பரில் மாடு வளர்ப்பவர்களுக்கு மேலும் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. அதையும் சேர்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது ரூ.38. அந்த 3 ரூபாய் அரசுப் பணம்.

குளிரூட்டுவது, பதப்படுத்துவது, பாக்கெட், லாரி வாடகை, முகவர் கமிஷன் என எல்லாச் செலவும் இந்த இடைவெளிக்குள்தான் அடங்கணும்.

அப்போ யார் ஈடுகட்டுவது?

ஒரு பகுதியை ஆரஞ்சு பாக்கெட் வாங்குபவர்கள். 2022 நவம்பரில் அட்டை இல்லாதவர்களுக்கு இதன் விலை லிட்டருக்கு ரூ.48-லிருந்து ரூ.60 ஆனது. மாத அட்டைதாரர்களுக்கு ரூ.46 தான்.

இன்னொரு வழி பாக்கெட்டுக்குள் இருக்கிறது. 2023-ல் வந்த ஊதா நிற 'டிலைட்' பாலில் கொழுப்பு 3.5%. பச்சை பாக்கெட்டில் 4.5%. இரண்டுக்கும் விலை அதே ரூ.44. 'இது மறைமுக விலை உயர்வு' என்று அப்போது விமர்சனம் கிளம்பியது இதனால்தான்.

விலையைக் குறைத்தே வைத்தால் என்ன?

நமக்கு லாபம்தான். ஆனால் தீவனச் செலவு ஏறும்போது கொள்முதல் விலை ஏறாவிட்டால், மாடு வளர்ப்பவர் கூடுதலாகத் தரும் தனியாரிடம் பாலை ஊற்றிவிடுவார். ஆவினுக்கு வரத்து குறையும். சந்தையில் ஆவின் பால் போதுமான அளவு இருக்கும்வரைதான் தனியார் விலை ஏற்ற யோசிப்பார்கள். அந்தக் கடிவாளம் தளர்ந்தால், பாதிப்பு கடைசியில் நம்ம பர்ஸுக்குத்தான். தனியார் பாலுக்கு உச்சவரம்பு இல்லாத நிலையில், அரசிடம் இருக்கும் பலமான கருவியும் இதுதான்.

அடுத்த முறை 'விலை மாற்றமில்லை' என்று அறிவிப்பு வந்தால் இரண்டு விஷயங்களைக் கவனிங்க: கொள்முதல் விலை எவ்வளவு? பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம்?